பாரோவா, லெண்டா? மொரீஷியஸ் தமிழர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எபேனில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஓட்டல் வேலைக்காரர்கள், இந்தத் தீவிலேயே பிறந்து பள்ளியில் தமிழ் படித்த அக்கா தங்கைகள் எல்லாரும் வருவார்கள். வேலை விண்ணப்பம், வீட்டுக்காரருக்குக் கடிதம், பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே மாதிரிக் கேள்வி: இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லில் எதைப் போடுவது? திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் குழப்பம் மொரீஷியஸில் ஏன் இவ்வளவு அதிகம்?

ஏனென்றால் இங்கே ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேடும்போது மூன்று மொழிகள் கை நீட்டுகின்றன. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவின் பேச்சுமொழி), பத்திரிகையில் பிரெஞ்சு, பள்ளிப் புத்தகத்திலும் அரசாங்கப் படிவத்திலும் ஆங்கிலம். அதற்கு அடியில் நமக்குத் தமிழ்.

இதற்குப் பழைய கதை இருக்கிறது. லா பூர்தொனே 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த காலத்தை ஒட்டியே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இந்தத் தீவுக்கு வந்துவிட்டார்கள். அதாவது ஆங்கிலம் வருவதற்கு முன்பே தமிழும் பிரெஞ்சும் இங்கே ஒரே தெருவில் இருந்தன. 1810இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தபோது, மக்களின் மதம், சட்டம், வழக்கம் ஆகியவற்றில் கை வைப்பதில்லை என்று சரணடைவு உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். அப்படியே பிரெஞ்சும் தங்கிவிட்டது. 1968இல் விடுதலை வந்தபோது எழுதிய அரசியலமைப்பின் 49ஆம் பிரிவும் சட்டசபையின் மொழி ஆங்கிலம் என்று சொல்லிவிட்டு, உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்று சேர்த்துக்கொண்டது.

ஆகவே இங்கே ஒருவர் தவறான ஆங்கிலச் சொல்லைப் போட்டால், அவருக்குப் படிப்பு போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பிரெஞ்சில் மிகச் சரியாக இருக்கும் சொல்லை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்திருப்பார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாரோ, லெண்ட்: எது வாங்குவது, எது கொடுப்பது?

பாரோ என்றால் இரவல் வாங்குவது. லெண்ட் என்றால் இரவல் கொடுப்பது. கிரியோலில் இரண்டுக்கும் 'ப்ரெத்தே' என்ற ஒரே சொல் போதும் என்பதால், தீவில் வளர்ந்தவர்கள் 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்' என்று சொல்லிவிடுவார்கள்.

இங்கே தமிழ் உங்களுக்குக் கை கொடுக்கும். வாயைத் திறக்கும் முன் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 'உன் பேனாவை நான் இரவல் வாங்கலாமா?' வாங்குவது நான், அதனால் 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' இனி, 'உன் பேனாவை எனக்கு இரவல் தருவாயா?' தருவது நீ, அதனால் 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?' வாக்கியத்தின் எழுவாய் யார் என்று தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும்.

இன்னொன்று. இரவல் என்றால் பொருள் கை மாறி, எடுத்துப் போய், திரும்பி வர வேண்டும். பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தக் கேட்கும்போது பாரோ ஆகாது, யூஸ் என்று கேளுங்கள். வீடு, கார் மாதிரி காசு கொடுத்து எடுப்பதற்கு ரெண்ட் அல்லது ஹயர்.

கல்யாணத்துக்குப் போனால் அட்டெண்டா, அசிஸ்டா?

அட்டெண்ட். கல்யாணம், கூட்டம், வகுப்பு, சாவு வீடு எதுவானாலும் போய்க் கலந்துகொண்டால் அட்டெண்ட். அசிஸ்ட் என்றால் உதவி செய்தது.

பிரெஞ்சில் 'அஸிஸ்தே ஆ' என்றால் கலந்துகொள்வது. அது அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இதில் ஒரு பெண் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அவள் வேலை விண்ணப்பத்தில் மூன்று மாநாடுகளில் 'அசிஸ்டெட்' என்று எழுதியிருந்தாள். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், வெளிநாட்டுக்காரர், ஆர்வத்தோடு கேட்டிருக்கிறார்: அங்கே என்ன ஏற்பாடு செய்தீர்கள், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள்? இவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நான் சும்மா உட்கார்ந்து கேட்டேன் என்றாளாம். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பொய் எழுதிவிட்டாள் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண் பொய் சொல்பவளே இல்லை. ஒரு சொல் அவள் நேர்மையின் மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து யார் விண்ணப்பம் கொண்டு வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான்.

பரீட்சை எழுதினேன் என்பதற்கு 'ஐ பாஸ்ட்' சரியா?

சரியில்லை. பாஸ் என்றால் தேறிவிட்டீர்கள். பிரெஞ்சில் 'பாஸே' என்றால் பரீட்சை எழுதுவது, தேறுவதற்கு 'ரெயுஸீர்' என்று தனிச்சொல். அதனால்தான் நவம்பரில், முடிவு வர இன்னும் வாரக்கணக்கில் இருக்கும்போதே, பிள்ளைகள் 'ஐ பாஸ்ட் மை எச்.எஸ்.சி.' (மேல்நிலைப் பள்ளி இறுதிப் பரீட்சை) என்கிறார்கள். அதைக் கேட்டு ஊரிலிருந்து வந்த ஒரு மாமா வாழ்த்துச் சொல்லி, கையில் பணமும் கொடுத்துவிட்டார். பையன் திருதிருவென்று விழித்தான்.

எழுதியதைச் சொல்ல, 'ஐ டுக் மை எக்ஸாம்ஸ்' அல்லது 'ஐ சாட் மை எக்ஸாம்ஸ்'. இங்கே நடப்பது கேம்பிரிட்ஜ் பரீட்சை என்பதால் பிரிட்டிஷ் வழக்கான 'சாட்' நன்றாகப் பொருந்தும். தமிழ்நாட்டுக்காரர்கள் 'ஐ ரோட் த எக்ஸாம்' என்பார்கள். இந்தியாவில் அது சாதாரணமாகப் புழங்குகிறது, யாருக்கும் புரியும். ஆனால் இங்கே எழுதும் கடிதத்தில் டேக் அல்லது சிட் போடுங்கள்.

ஆக்சுவலி, கரன்ட்லி? ஈவென்சுவலி, பாசிபிலி?

பிரெஞ்சின் 'அக்துயெல்மான்' என்றால் 'தற்போது'. ஆங்கிலத்தின் ஆக்சுவலி என்றால் 'உண்மையில்'. 'ஐ ஆக்சுவலி ஒர்க் இன் எ பேங்க்' என்று ஒருவர் எழுதினால், படிப்பவருக்கு 'நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை, உண்மையில் நான் வேலை செய்வது வங்கியில்' என்று ஒரு மறுப்பு தொனிக்கும். தற்போது என்று சொல்ல கரன்ட்லி, அல்லது எளிமையாக நௌ. நான் கவனித்த ஒன்று: சென்னையிலிருந்து புதிதாக வருபவர்கள் இதில் தவறுவதே இல்லை. தமிழ்ப் பேச்சிலேயே 'ஆக்சுவலா' என்று சரியான பொருளில் சொல்லிப் பழகியவர்கள். இங்கே இரண்டு வருஷம் இருந்து பிரெஞ்சு காதில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கும் தடுமாற்றம் வருகிறது.

ஈவென்சுவலி இன்னும் ஆபத்து. பிரெஞ்சில் 'எவாந்துயெல்மான்' என்றால் 'ஒருவேளை, தேவைப்பட்டால்'. ஆங்கிலத்தில் அது 'தாமதமானாலும் கடைசியில் நடந்தே தீரும்'. 'வீ வில் ஈவென்சுவலி நீட் த செகண்ட் ரூம்' என்று வீட்டுக்காரருக்கு எழுதினால், இரண்டாவது அறையை எப்படியும் எடுத்துக்கொள்வீர்கள் என்று அவர் வைத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல நினைத்தது 'வேண்டியிருக்கலாம்'. அதற்கு 'வீ மே நீட்' போதும்.

லைப்ரரி, புக்ஷாப்?

லைப்ரரியில் புத்தகம் இரவல், புக்ஷாப்பில் விலைக்கு. பிரெஞ்சு 'லிப்ரேரி' புத்தகக் கடை. அவ்வளவுதான்.

சென்ஸிபிள், சென்ஸிடிவ்?

விவரமானவர், யோசித்து நடப்பவர் சென்ஸிபிள். தொட்டாற்சிணுங்கி சென்ஸிடிவ். பிரெஞ்சு 'ஸான்ஸிப்ள்' இரண்டாவதைக் குறிக்கும். மருந்துக் கடையில் 'மை ஸ்கின் இஸ் சென்ஸிபிள்' என்றால் உங்கள் தோல் புத்திசாலி என்று ஆகிவிடும்.

கேட்பது என்பதற்கு ஆஸ்க், ஹியர், லிஸன், டிமாண்ட் என்று நான்கு சொல் இருக்கிறதே?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழில் 'கேள்' ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது. பாட்டு கேட்கிறோம், விலை கேட்கிறோம், இடிச் சத்தம் கேட்கிறது, பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. ஆனால் சொல் ஒன்றாக இருந்தாலும் தமிழ் இவற்றைக் கலக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் வேற்றுமை உருபைப் பாருங்கள்.

'எனக்குக் கேட்டது' என்று நான்காம் வேற்றுமை வந்தால் ஹியர். நீங்கள் எதுவும் செய்யவில்லை, சத்தம் தானாக வந்து காதில் விழுந்தது. 'பாட்டைக் கேட்டேன்', 'அப்பா பேச்சைக் கேட்டேன்' என்று 'ஐ' வந்தால் லிஸன். நீங்கள் காதைக் கொடுத்தீர்கள். இதில் லிஸனுக்குப் பின் 'டு' மறக்காதீர்கள். 'அவரிடம் கேட்டேன்' என்று 'இடம்' வந்தால் ஆஸ்க். விலை கேட்டாலும் வழி கேட்டாலும் அதுதான், பொருளையோ உதவியையோ கேட்டால் ஆஸ்க்குக்குப் பின் 'ஃபார்' சேரும்.

ஒரு தடவை வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். ஒரு தம்பி சட்டென்று 'அக்கா, ஐ ஆம் லிஸனிங் த ரெய்ன்' என்றான். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். தமிழில் சொல், எப்படிச் சொல்வாய் என்றேன். 'எனக்கு மழைச் சத்தம் கேட்குது.' சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. 'ஐ கேன் ஹியர் த ரெய்ன்' என்று தானே திருத்திக்கொண்டான்.

டிமாண்டுக்கு வருவோம். பிரெஞ்சு 'தமாந்தே' மென்மையான சொல், கேட்பது என்றுதான் பொருள். ஆங்கில டிமாண்ட் மேசையைத் தட்டிக் கேட்பது. 'ஐ டிமாண்ட் ஒன் டே லீவ்' என்று மேலாளருக்கு எழுதினால் சண்டைக்கு வருகிறீர்கள் என்று தோன்றும். 'ஐ ஆம் ரைட்டிங் டு ரெக்வெஸ்ட்' என்று தொடங்குங்கள்.

பார்ப்பதற்கும் இப்படி வழி இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது. 'எனக்கு மலை தெரிகிறது' என்றால் சீ. 'இங்கே பார்' என்றால் லுக், கூடவே 'அட்'. அசைவதையும் மாறுவதையும் தொடர்ந்து பார்த்தால் வாட்ச்: கிரிக்கெட், டிவி, அடுப்பில் கொதிக்கும் பால். டாக்டரைப் பார்ப்பது சீ. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது லுக் ஆஃப்டர்.

தீவுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் தொல்லை. கிரியோலில் 'கெத்' என்றால் பார். அது ஆங்கில 'கெட்' மாதிரியே ஒலிப்பதால் சின்னப் பிள்ளைகள் 'கெட் மீ' என்று கூப்பிட்டு, தங்களைப் பார்க்கச் சொல்வார்கள். ஏழெட்டு வயதில் தானாகப் போய்விடும், கவலை வேண்டாம்.

சே, டெல்?

யாரிடம் என்பது உடனே அடுத்து வந்தால் டெல்: 'ஷி டோல்ட் மீ'. வராவிட்டால் சே: 'ஷி செட் ஷி வாஸ் டயர்ட்'. 'ஷி செட் மீ' என்பதுதான் அடிக்கடி கேட்கும் பிழை. கதை, உண்மை, பொய் மூன்றுக்கும் ஆள் இல்லாவிட்டாலும் டெல் வரும்.

பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்: சின்ஸா, ஃபாரா?

பிரெஞ்சில் 'தெப்யூய்' ஒன்றே இரண்டுக்கும் போதும். தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. 'முதல், இலிருந்து' என்று வந்தால் சின்ஸ்: 2015 முதல், கல்யாணத்திலிருந்து. 'ஆக' என்று வந்தால் ஃபார்: பத்து வருஷமாக, மூன்று நாளாக.

வினைச்சொல்லில்தான் தமிழும் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. தமிழிலும் பிரெஞ்சிலும் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று கேட்கிறது. இதற்குக் குறுக்கு வழி எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் சொந்த வருஷக் கணக்கை வைத்து ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சந்திக்கும் எல்லாரும் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

லிவ், ஸ்டே?

குடியிருப்பது லிவ், தங்குவது ஸ்டே. கிரியோலில் இரண்டுக்கும் 'ரெஸ்தே' என்பதால் கத்ர் போர்ன் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கூட 'ஐ ஸ்டே இன் கத்ர் போர்ன்' என்பார். கேட்பவர் எந்த ஓட்டலில் என்று கேட்டுவிடக்கூடும்.

மணி, சேஞ்ச்?

பஸ்ஸில் 100 ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்கள். தீவின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு, ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் தமிழ் இருக்கும். (1998இல் வந்த நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது நம் மக்கள் எதிர்த்து நின்றார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றினார்கள். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.) கண்டக்டர் 'லாமொனே' கேட்பார். அது சில்லறை, ஆங்கிலத்தில் சேஞ்ச். ஒலி மணியை ஒட்டி இருப்பதால் 'ஐ டோண்ட் ஹேவ் மணி' என்று சொல்லிவிடுகிறோம். கையில் நோட்டை வைத்துக்கொண்டு காசில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஒரு அட்வைஸ், இரண்டு இன்ஃபர்மேஷன் என்று எண்ணலாமா?

தமிழில் 'ஒரு அட்வைஸ் சொல்லட்டுமா' என்போம், தவறில்லை. பிரெஞ்சிலும் எண்ணலாம். ஆங்கிலத்தில் மட்டும் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் அரிசி, தண்ணீர் மாதிரி. ஒன்று இரண்டு என்று எண்ணாமல், 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' அல்லது 'சம் அட்வைஸ்' என்று சொல்லுங்கள். கடைசியில் 'எஸ்' சேர்க்க வேண்டாம்.

எழுதும்போது இன்னொரு சிக்கல்: அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு 'சி', அறிவுரை சொல் என்ற வினைச்சொல்லுக்கு 'எஸ்'. பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டும் பிரிட்டிஷ் எழுத்து முறையில் இதே கணக்குதான். அட்வைஸில் மட்டும் உச்சரிப்பும் மாறும். ஆகவே அதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் வந்துவிடும்.

சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாருக்கும் அங்கிள்தானா?

ஆங்கிலத்தில் அங்கிள்தான். அவசியம் இருந்தால் 'மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்' என்று விரிக்கலாம். 'கசின் பிரதர்' வேண்டாம், கசின் போதும். பேச்சில் சித்தப்பாவைச் சித்தப்பா என்றே கூப்பிடுங்கள்.

அகராதியில் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம் போட்டிருக்கிறது. என்ன செய்வது?

ஆங்கிலம்–தமிழ் அகராதி அர்த்தத்தைத் தரும், எந்தச் சொல்லோடு சேரும் என்பதைத் தராது. மொழி கற்பவர்களுக்கென்றே போட்ட ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். அவற்றை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வீடு, உங்கள் வேலை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்தத் தம்பியின் நோட்டில் 'ஐ கேன் ஹியர் த ரெய்ன்' இன்னும் இருக்கிறது, அன்றைய தேதியோடு.

ஆங்கிலத்தில் எழுதும்போது டெம்பிளா, கோவிலா?

இந்தத் தீவில் கோவில் என்றே எழுதுங்கள். மொரீஷியஸில் கிரியோலிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தமிழர் கோயிலுக்கு அந்தச் சொல்தான் வழக்கம். அரசு விடுமுறைப் பட்டியலிலும் தைப்பூசக் காவடி அந்தப் பெயரிலேயேதான் நிற்கிறது. விடுப்பு விண்ணப்பத்தில் 'டு கேரி த காவடி அட் அவர் கோவில்' என்று எழுதலாமா என்று போன தை மாதம் ஒரு தங்கை கேட்டாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொன்னேன்.